நடுவில் நிற்பதன் தர்மம்

ஒரே அறையில் ஒரே பிணையத்தில் சேர்ந்திருக்கும் இரண்டு கணினிகளில் ஒன்று விண்டோஸிலும் மற்றொன்று லினக்ஸிலும் இயங்க, முதலாவதன் முன் அமர்ந்தவர் இரண்டாவதன் வட்டில் இருக்கும் கடிதமொன்றைத் தம்முடைய வட்டிலேயே இருப்பதுபோல் திறந்து, இரண்டு வரி திருத்தி, மூடிவிட்டு எழுந்துபோவது இன்று சாமானியமான காரியம். அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், அந்தக் கடிதம் திறந்து மூடிய சில கணங்களுக்குள், பெயர் என்றால் என்ன, காலம் எப்போது தொடங்கியது, ஒரு பொருள் யாருக்கு உரியது, அது எப்போது அழிகிறது என்னும் விஷயங்கள் ஒவ்வொன்றிலும் வேறுபட்ட கொள்கையுடைய இரண்டு அமைப்புகள் சந்தித்து, தத்தம் கொள்கையைக் கைவிடாமலேயே காரியத்தை முடித்துக்கொண்டு பிரிந்திருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் அந்தச் சந்திப்பை நடத்திவைப்பது சாம்பா என்னும் ஒரு நிரல். அதன் வரலாறும் அது அன்றாடம் செய்யும் வேலையும் வேற்றுமைகளுக்கு நடுவே வாழ்வதைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடியது மிகுதி என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்த வேற்றுமைகள் எவ்வளவு ஆழமானவை என்பதைப் பார்க்க வேண்டும். யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸுக்கு, பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் இரண்டு தனித்தனிக் கோப்புகளைக் குறிக்கும். விண்டோஸோ அந்த பேதத்தை எழுதியபடியே பாதுகாத்து வைக்குமாயினும் தேடும்போது அதைப் பாராட்டுவதில்லை. லினக்ஸில் ஒரு பெயருக்குள் சாய்கோட்டையும் வெற்று (null) குறியையும் தவிர வேறு எதுவும் வரலாம். விண்டோஸில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் உடுக்குறியும் கூடாது. விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தில் அச்சுப்பொறி முதலிய சாதனங்களுக்கு வழங்கிய பெயர்களைக் கோப்புகளுக்கு இடுவதற்கு இருந்த தடையும் இன்றுவரை முற்றிலும் நீங்கவில்லை. காலத்தை எடுத்துக்கொண்டால், யூனிக்ஸ் 1970 ஜனவரி 1-ஆம் தேதியைத் தொடக்கமாகக் கொண்டு விநாடிகளை எண்ணுகிறது; விண்டோஸ், கிரிகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுழற்சி ஒன்று தொடங்கிய 1601 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து, விநாடியை ஒரு கோடி கூறாக்கி எண்ணுகிறது. இவ்விரண்டு தொடக்கங்களுக்கும் இடையே 1,164 கோடியே 44 லட்சத்து 73 ஆயிரத்து 600 விநாடிகள் இருக்கின்றன. ஒரு கோப்பு ஓர் உலகத்திலிருந்து மற்றோர் உலகத்துக்குத் தோற்றமளிக்கும்போதெல்லாம் இந்தத் தொகையை யாரோ ஒருவர் கூட்டவோ கழிக்கவோ வேண்டியிருக்கிறது.

உரிமையிலும் இவ்வாறே. யூனிக்ஸின் மூல சம்பிரதாயப்படி, உரியவர், அவருடைய குழு, ஏனையோர் என்னும் மூவகையாருக்குப் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூவகை அனுமதிகள், ஆக ஒன்பது குறிகளில் ஒரு கோப்பின் ஆட்சி முழுவதும் அடங்கிவிடுகிறது. விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் இன்னாருக்கு இன்னது கொடு என்றும், இன்னாருக்கு இன்னதை மறு என்றும் எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். அழிவிலும் இரண்டு தத்துவங்கள்: ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றொருவர் நீக்கினால், யூனிக்ஸ் அந்தப் பெயரை மட்டும் உடனே எடுத்துவிட்டு, திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை உள்ளடக்கத்தை உயிரோடு வைத்திருக்கும்; விண்டோஸ், திறந்தவர் முன்கூட்டியே சம்மதம் அளித்திருந்தாலொழிய, நீக்கவே விடாது. இரண்டில் எது நியாயம் என்று வாதாடலாம்; இரண்டுக்கும் நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் வாதம் முடியும்வரை கடிதம் காத்திருக்காது.

தமிழ் எழுதும் நமக்கு இந்த வேற்றுமையை மிக அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. 'தோட்டம்' என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுவதாகக் கொள்வோம். யூனிகோடில் இதன் முதலெழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம்: தகரத்தையடுத்து ஓகாரக் குறியை ஒரே எண்ணாக இடலாம், அல்லது ஏகாரக் குறியும் காலும் ஆகிய இரண்டு எண்களாகப் பிரித்தும் இடலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடின் விதியே சொல்கிறது. கண்ணுக்கும் அணுவளவு வித்தியாசம் தெரியாது. விண்டோஸிலும் லினக்ஸிலும் நாம் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் விழுவது சேர்ந்த வடிவம். ஆனால் மேக் கணினிகளில் 2017-வரை வழங்கிய கோப்பு அமைப்பு, எந்த வடிவத்தில் கொடுத்தாலும் அதைப் பிரித்த வடிவமாக்கியே வட்டில் பதிந்துவைக்கும் வழக்கமுடையது. அங்கிருந்து ஒரு காப்புப் பிரதி நிரலின் வழியே அந்தப் பெயர் மாறாமல் அப்படியே லினக்ஸுக்கு வந்து சேர்ந்தால், பெயரின் அர்த்தத்தைப் பாராமல் பைட்டுகளை மட்டுமே பார்க்கும் லினக்ஸுக்கு 21 பைட்டுகள் கொண்ட தோட்டம் ஒன்று, 24 பைட்டுகள் கொண்ட தோட்டம் மற்றொன்று. ஒரே கோப்புறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் எப்படி இருக்க முடியும் என்று திகைப்பார். ஒன்றைத் திருத்தி மற்றொன்றைத் திறந்து, தம்முடைய உழைப்பு எங்கே போயிற்று என்று தேடுவார்.

பெயரின் நீளத்திலும் நமக்கென்று ஒரு பிரத்தியேகமான இடர் உண்டு. லினக்ஸில் பெருவழக்கான கோப்பு அமைப்புகள் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளை அனுமதிக்கின்றன. விண்டோஸ் 255 எழுத்தலகுகளை அனுமதிக்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே, ஏனெனில் அங்கே ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு போதும். லினக்ஸ் பின்பற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். புள்ளிக்கும் மூன்று, கொம்புக்கும் மூன்று. ஆகவே விண்டோஸில் 255 குறிகள் வரை நீளக்கூடிய தமிழ்ப் பெயர், லினக்ஸ் சர்வரில் 85 குறிகளோடு நின்றுவிட வேண்டும். அரசாணையின் பொருளையோ ஆய்வேட்டின் தலைப்பையோ அப்படியே கோப்புக்குப் பெயராக வைக்கும் பழக்கமுள்ளவர்கள், ஒரு கோப்பு மட்டும் சர்வரில் ஏற மறுப்பதன் காரணம் விளங்காமல் தவிப்பது இதனால்தான். யாரும் தமிழுக்குத் தீங்கு நினைத்துச் செய்ததன்று இது. இரண்டு இடங்களில் இரண்டு காலங்களில் இரண்டு விதமாக அளந்ததன் விளைவு.

இந்த இரண்டு உலகங்களும் தனித்தனியே வளர்ந்தபோது, ஒவ்வொன்றும் தன் இனத்தோடு பகிர்ந்துகொள்வதற்கு மட்டுமே வழி செய்துகொண்டது. ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபெய்கன்பாம் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் டாஸ் கணினிகளுக்காக வகுத்த எஸ்எம்பி என்னும் நெறிமுறை, பின்னர் மைக்ரோசாஃப்ட்டின் கையில் வளர்ந்து விண்டோஸின் வழக்கமாயிற்று. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்எஃப்எஸ், யூனிக்ஸ் கணினிகளின் வழக்கமாயிற்று. ஆப்பிள் கணினிகளுக்கு வேறொரு வழக்கம். ஒவ்வொன்றும் தன்னளவில் செம்மையானதே. ஓர் இனத்தின் வட்டிலிருப்பதை மற்றோர் இனம் படிக்க வேண்டுமானால் மட்டும் ஆளே எழுந்து நெகிழ்வட்டோடு நடந்துபோக வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் மாணவருக்கு, 1991 டிசம்பரில் இந்த நிர்ப்பந்தம் வாய்த்தது. அவருடைய மேஜைக் கணினியில் இருந்தது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்னும் பிணைய நிரல். அவருக்கு வேண்டிய கோப்புகளோ சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினியில் இருந்தன. பாத்வொர்க்ஸ் தன் சர்வரோடு எந்த முறையில் பேசுகிறது என்பதை விளக்கும் ஏடு எதுவும் அவர் கையில் இல்லை. ஆகவே கம்பியில் போய்வரும் பொதிகளைப் பார்ப்பதற்கு ஒரு சிறு நிரல் எழுதி, கணினி இன்னதைக் கேட்டால் சர்வர் இன்னதைச் சொல்கிறது என்று கவனித்து, அதே கேள்விக்கு அதே பதிலைத் தருமாறு யூனிக்ஸ் கணினியைப் பழக்கினார். 1992 ஜனவரியில் அந்த நிரலை எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டுவிட்டுத் தம் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார். இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், தம் மனைவியின் விண்டோஸ் கணினியைத் தம்முடைய லினக்ஸ் கணினியோடு இணைக்க நேர்ந்தபோதுதான், தாம் ஒரு நிறுவனத்தின் தனிவழக்கு என்று நினைத்துக் கற்றுக்கொண்டது உண்மையில் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் பேசிக்கொள்ளும் எஸ்எம்பி என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அங்கிருந்து சாம்பா வளர்ந்தது. ஜெரிமி அல்லிசன் முதலிய பலர் வந்து சேர்ந்தார்கள்.

இந்த வேலை எப்படி நடந்தது என்று பிற்காலத்தில் விளக்க நேர்ந்தபோது, டிரிட்ஜெல் ஒரு பிரெஞ்சு உணவு விடுதியை உவமையாக எடுத்துக்கொண்டார். அகராதியும் இலக்கணமும் ஆசிரியரும் இல்லாமல் பிரெஞ்சு கற்க விரும்பும் ஒருவர், ஒரு விடுதியில் போய் அமர்ந்து, பக்கத்து மேஜைக்காரர் என்ன சொன்னார், பரிசாரகர் என்ன கொண்டுவந்தார் என்று நாள்தோறும் கவனித்துவந்தால், ரொட்டிக்கும் காப்பிக்கும் உரிய சொற்கள் தாமே விளங்கும். பிறகு தாமே ஒன்றைக் கேட்டுப்பார்க்கலாம். கேட்டது வராமல் வேறொன்று வந்தால் அதிலிருந்தும் கற்கலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். எளிமையாகத் தோன்றும் இந்த உவமைக்குள் அடங்கியிருக்கும் உழைப்பு கொஞ்சநஞ்சமன்று.

ஒட்டுக்கேட்டுக் கற்பது முதற்படி மட்டுமே. பக்கத்து மேஜைக்காரர் ஒருநாளும் கேட்காத பதார்த்தம் சமையலறையில் இருக்கலாம் அல்லவா? அதற்காக, நெறிமுறையில் வரக்கூடிய கட்டளை எண்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விண்டோஸ் சர்வருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அறியாத கட்டளைக்கு வரும் பிழைச்செய்தி ஒன்று. அறிந்த கட்டளையைத் தவறான உருவத்தில் கேட்டால் வரும் பிழைச்செய்தி வேறு. மறுப்பு எந்த விதமானது என்பதை வைத்தே மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஊகித்து, உருவத்தை மாற்றி மாற்றிக் கேட்டு, இறுதியில் சரியான கேள்வியைக் கண்டடைந்தார்கள். மூன்றாவது படி இன்னும் கடினமானது. ஒரு நிரலை எழுதி, அது தற்செயலாகத் தோன்றும் கேள்விகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, அதே கேள்விகளை அதே வரிசையில் உண்மையான விண்டோஸுக்கும் சாம்பாவுக்கும் அனுப்பும்படி செய்தார்கள். எந்த இடத்தில் இரண்டின் பதில்களும் மாறுபடுகின்றனவோ அந்த இடத்தில் தங்கள் அறிவு குறைந்திருக்கிறது என்று கொண்டு, அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். பிறருடைய வழக்கத்தைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை அவர்களுடைய உண்மையான நடத்தையோடு ஓயாமல் ஒப்பிட்டு, மாறுபட்டபோதெல்லாம் பிழை நம்முடையதே என்று ஏற்றுக்கொள்வது எத்தகைய மனப்பயிற்சி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சமயங்களுக்கிடையிலும் தேசங்களுக்கிடையிலும் நடக்கும் சம்பாஷணைகளில் இதில் நூறில் ஒரு பங்கு சிரத்தை இருந்தால் எவ்வளவோ கலகங்கள் தோன்றாமலேயே போயிருக்கும்.

இவ்வாறு கற்றதன் பயனாகச் சாம்பா இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் சுமையை நினைத்தால் மதிப்பு மிகுகிறது. விண்டோஸ் கணினி ஒன்று ஒரு பெயரைக் கேட்கும்போது, எழுதியபடியே அந்தப் பெயர் லினக்ஸ் வட்டில் கிடைத்துவிட்டால் வேலை எளிது. கிடைக்காவிட்டால், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறிய உருவத்தில் எங்கேனும் இருக்கிறதா என்று கோப்புறை முழுவதையும் ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்த பின்பே 'இல்லை' என்று சொல்ல முடியும். ஒரு லட்சம் கோப்புகள் உள்ள இடத்தில் புதிய கோப்பு ஒன்றைத் தொடங்குவதற்குக்கூட இந்தத் தேடல் தேவைப்படலாம். விண்டோஸால் ஏற்க முடியாத குறியுள்ள பெயர்களுக்கு அதனால் ஏற்க முடிந்த சுருக்கப் பெயர்களை இட்டுக் காட்டுகிறது. ஒன்பது குறிகளில் அடங்காத விண்டோஸ் அனுமதிப் பட்டியலைக் கோப்போடு ஒட்டிய தனிக் குறிப்பாகச் சேமித்து, கேட்டபோது கேட்டவாறே திருப்பித் தருகிறது. ஒரு கோப்பை ஒருவர் மட்டுமே திறந்திருக்கும்வரை, அதைத் தம் கணினியிலேயே வைத்துக்கொண்டு வேகமாக வேலை செய்யலாம் என்று அவருக்கு வாக்களித்து, இன்னொருவர் அதே கோப்பைக் கேட்ட கணத்தில், 'நீங்கள் எழுதியதை உடனே அனுப்பிவையுங்கள்' என்று முன்னவருக்குச் சொல்லி, அது வந்து சேரும்வரை பின்னவரைக் காத்திருக்கச் செய்கிறது. இத்தனையும் நடக்கும்போது விண்டோஸ் கணினி தன் இனத்து சர்வரோடு பேசிக்கொண்டிருப்பதாகவே அறிகிறது. லினக்ஸோ தன் வட்டில் தன் வழக்கப்படியே கோப்பு இருப்பதாக அறிகிறது. நடுவில் நிற்பவன் தர்மம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இரு தரப்பையும் ஒன்றாக்கிவிட முயலாமல், இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தின் முழுக் கிரயத்தையும் தானே செலுத்துவது.

ஆனால் தனிமனிதர்களின் பிரயாசை ஒன்றையே நம்பி இப்படிப்பட்ட காரியம் என்றென்றும் நடக்க முடியாது. ஓரளவுக்குமேல் நீதியும் துணைக்கு வர வேண்டும். கேட்டும் ஊகித்தும் கற்பவர்கள் ஓர் அடி முன்னேறுவதற்குள், நெறிமுறையின் சொந்தக்காரர் பத்து அடி சென்றிருக்கலாம். 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் சந்தை வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகத் தீர்மானித்து, 49 கோடியே 70 லட்சம் யூரோவுக்குமேல் அபராதம் விதித்ததோடு, விண்டோஸ் கணினிகளோடு பிறருடைய சர்வர்கள் பேசுவதற்கு வேண்டிய விவரங்களை வெளியிட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 2007 செப்டம்பர் 17-ஆம் தேதி ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தின் பிரதானப் பகுதிகளை உறுதி செய்தது. சாம்பாவின் ஆசிரியர்களும் ஐரோப்பிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையும் அந்த வழக்கில் இறுதிவரை ஆணையத்தின் பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இதற்கென அமைக்கப்பட்ட ஓர் அறநிலையம் 10,000 யூரோவை ஒரே தவணையாகச் செலுத்தி, பல ஆண்டுகள் காதைத் தீட்டிக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டியிருந்த விவரங்களின் ஏடுகளைச் சாம்பா குழுவினருக்குப் பெற்றுத்தந்தது. 2012 டிசம்பரில் வெளிவந்த சாம்பாவின் நான்காம் பதிப்பு, ஓர் அலுவலகத்தின் பயனர்கள் அனைவரையும் விண்டோஸ் முறையிலேயே நிர்வகிக்கும் ஆற்றலையும் பெற்றிருந்தது. இதற்கிடையே 2011-இல், அதே மைக்ரோசாஃப்ட்டின் ஊழியர் ஒருவரே நிறுவனத்தின் சம்மதத்தோடு சாம்பாவுக்கு ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பினார். பகை என்று தொடங்கியது பரஸ்பர மரியாதையில் வந்து நின்றதற்கு, நீதிமன்றத்தின் ஆணையோடு, மறுதரப்பாரின் வழக்கத்தை அவர்களே வியக்கும் அளவுக்குக் கற்றவர்களின் பொறுமையும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

பகிர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் அபாயத்தையும் பேச வேண்டும். 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் எஸ்எம்பியின் பழைய முதற்பதிப்பை விண்டோஸ் நடைமுறைப்படுத்தியிருந்த விதத்தில் இருந்த ஒரு குறையின் வழியே கணினிக்குக் கணினி தாவி, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் உட்பட எத்தனையோ இடங்களில் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அந்தக் குறைக்குரிய திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தும், அதை இட்டுக்கொள்ளாத கணினிகள் ஏராளமாக இருந்தன. பழைய கணினி ஒன்று பேசுவதற்கு வேண்டுமே என்ற தாட்சண்யத்தால் பழைய வழக்கத்தையும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர். எல்லாருக்கும் இடங்கொடுப்பது என்ற நல்ல எண்ணம், யாருக்கு, எதுவரை, எந்தச் சாட்சியின்பேரில் என்ற விவேகத்தோடு சேராவிட்டால், கொடுத்த இடமே கொடுத்தவரைக் கெடுத்துவிடும். அந்த முதற்பதிப்பைச் சாம்பாவும் விண்டோஸும் பின்னர் இயல்புநிலையிலேயே நிறுத்திவைத்தது நியாயமான காரியம்.

இன்று இந்தக் கலை முழுவதும் வேண்டாததாகிவிட்டது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பக்கத்து மேஜையில் இருப்பவருக்கு ஒரு கோப்பைக் கொடுக்க, அதைத் தூரதேசத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் கிடங்குக்கு ஏற்றி, அங்கிருந்து அவரை இறக்கிக்கொள்ளச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் சௌகரியம் உண்டு என்பதை மறுக்கவில்லை. வெளியூரில் இருப்பவரோடு சேர்ந்து வேலை செய்வதற்கு அதைவிட நல்ல வழியும் இல்லை. ஆனால் இரண்டு கணினிகளின் வேற்றுமை அங்கே தீர்க்கப்படவில்லை. இரண்டும் நேருக்கு நேர் பேசும் பழக்கத்தைக் கைவிட்டு, மூன்றாமவர் ஒருவரிடம் தனித்தனியே பேசப் பழகிக்கொண்டிருக்கின்றன. அந்த மூன்றாமவரின் பேச்சுமுறை அவருக்கு மட்டுமே உரியது. நாளை அவர் கதவை மூடினாலும் கட்டணத்தை உயர்த்தினாலும், நம்முடைய எழுத்து நம்முடைய மேஜைகளுக்கிடையே போய்வருவதற்கே அவருடைய தயவு வேண்டியிருக்கும். நடுவில் நிற்பவர் எல்லாருக்கும் தெரிந்த முறையில் நிற்கிறாரா, தமக்கு மட்டுமே தெரிந்த முறையில் நிற்கிறாரா என்பதில்தான் சேவைக்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. சாம்பாவின் மூல நிரல் யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், திருத்தி வெளியிடுபவர் தம் திருத்தத்தையும் பிறர் படிக்கத் தர வேண்டும் என்னும் உரிமத்தில் வெளிவருகிறது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் மூலையில் நின்று இயங்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே, தன் பெயர் தெரியாதவர்களுக்காக அது இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ பத்திரிகை அலுவலகத்திலோ கணினிகளை அமைக்கும் பொறுப்புடையவர்களிடம் வேண்டிக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. எல்லாக் கணினிகளையும் ஒரே நிறுவனத்தினுடையதாக மாற்றிவிட்டால் தொல்லை ஒழியும் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலை நாளைய சுதந்திரம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதைவிட, வெவ்வேறு கணினிகளை இருக்கும்படியே இருக்கவிட்டு, நடுவில் ஒரு நல்ல சர்வரை நிறுத்தி, தமிழ்ப் பெயர்களுள்ள கோப்புகளை வைத்துச் சேர்ந்த எழுத்தும் பிரிந்த எழுத்தும் நீண்ட தலைப்பும் சரியாகப் போய்வருகின்றனவா என்று சோதித்து, தவறியதைத் திருத்தி, கண்டதைச் சாம்பாவின் ஆசிரியர்களுக்கு எழுதித் தெரிவிப்பது மேலான காரியம். நம்முடைய எழுத்துக்கு நேரும் இடர்களை நாம் சொன்னாலன்றிக் தூரதேசங்களில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? தமக்கு விளங்காத வழக்கத்தைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் மரபுடைய குழு அது. நம்முடைய வழக்கத்தையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். சொல்வது நம் கடமை.